கோர்ட் சுவரில் ஆறு படம்: நேஷனல் சாம்பியன்களில் யார் யாரைப் போடலாம்?

தறிக்குடோன் · சனி, இரவு 9.10

வணக்கமுங்க. ஊத்துக்குளி ரோட்டில் எங்கள் பழைய தறிக்குடோனை ஷட்டில் கோர்ட்டாக மாற்றி மூன்று வருஷம் ஆகிறது. இரண்டு கோர்ட். கீழே பலகை போட்டு மேலே மேட் விரித்திருக்கிறோம். கூரை மட்டும் தறி ஓடிய காலத்துத் தகரம்தான். உயரத் தூக்கினால் ஆங்கிளில் பட்டுத் திரும்பும். பட்டால் மறுபடி சர்வீஸ் என்று நாங்களே ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம்.

விஷயம் என்னவென்றால், மேற்குச் சுவரில் படம் வரையப் போகிறேன். பெயின்டர் டேப் பிடித்துப் பார்த்துவிட்டு ஆறு பேருக்குத்தான் இடம் என்றார். காலை பேட்ச் ஆட்கள் வெளிநாட்டுச் சாம்பியன்கள் லின் டான் வேண்டும், டாஃபிக் வேண்டும் என்கிறார்கள். நான் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டேன்: நம் நாட்டு நேஷனல்ஸில், அதாவது தேசிய பேட்மின்டன் போட்டியில், ஒற்றையர் ஜெயித்தவர்கள் மட்டும். பிரகாஷ் படுகோன், கோபிசந்த், சாய்னா, சிந்து என்று நாலு பேர் எனக்கே தெரியும். மீதி இரண்டு யார்? வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெயின்டர் வந்துவிடுவார். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

ஈரோட்டு_மஞ்சள் · சனி, இரவு 9.22

பிரகாஷ் படத்துக்குக் கீழே மறக்காமல் 'தீபிகாவின் அப்பா' என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் சாயங்கால பேட்ச் பிள்ளைகளுக்கு ஆள் யாரென்றே தெரியாது.

நொய்யல்_ஸ்மாஷ் · சனி, இரவு 9.41

அண்ணா, ஆசைக்கு ஆள் எடுக்காதீர்கள். எத்தனை தடவை ஜெயித்தார்கள் என்று பாருங்கள். ஆண்களில் பிரகாஷ் 9, அதுவும் 1971 முதல் 1979 வரை ஒன்றுகூட விடாமல். அடுத்து சையத் மோடி 8, 1980 முதல் 1987 வரை, அதுவும் தொடர்ச்சியாக. நந்து நாட்டேகர் 6. சுரேஷ் கோயல் 5. கோபிசந்த் 5, 1996 முதல் 2000 வரை. பெண்களில் அபர்ணா போபட் 9, மதுமிதா பிஷ்ட் 8, மீனா ஷா 7, அமி கியா 7.

மேலே இருந்து ஆறு எடுத்தால் பிரகாஷ், அபர்ணா, மோடி, மதுமிதா, மீனா ஷா, அமி கியா. அவ்வளவுதான். சாய்னாவுக்கும் சிந்துவுக்கும் கோபிசந்துக்கும் இடமே இல்லை.

தறிக்குடோன் · சனி, இரவு 9.48

தம்பி, சிந்துவைச் சுவரில் இருந்து எடுத்தால் பிள்ளைகள் என்னைக் கோர்ட்டில் இருந்து எடுத்துவிடுவார்கள்.

பழைய_பேட் · சனி, இரவு 10.35

எழுபதை நெருங்குகிறேன், கோபிசெட்டிபாளையத்தில் இருந்து எழுதுகிறேன். விரலால் தட்டித் தட்டி எழுதுவதால் நேரம் ஆகிவிட்டது. நொய்யல் தம்பி போட்ட கணக்கு சரிதான். ஆனால் இந்தப் போட்டி 1934இல் இருந்து நடக்கிறது. சுவர் என்றால் அதற்கு ஒரு அஸ்திவாரமும் வேண்டுமல்லவா? பிரகாஷில் இருந்து ஆரம்பித்தால் முதல் முப்பத்தேழு வருஷத்தை வெள்ளையடித்துவிடுகிறீர்கள்.

அந்தக் காலத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் லாகூர், பம்பாய், அலகாபாத் பக்கம் இருந்து வந்தார்கள். லாகூர்க்காரர் பிரகாஷ் நாத் கதை தெரியுமா? 1947இல் அவரும் தேவிந்தர் மோகனும் ஆல் இங்கிலாந்துக்குப் போனார்கள், அந்தக் காலத்தில் பேட்மின்டனில் உலகப் பட்டம் மாதிரி அதுதான். கால் இறுதியில் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் மோத வேண்டியதாயிற்று. எதற்கு வீணாக ஆடிக் களைப்பது என்று நாணயத்தைச் சுண்டினார்கள். பிரகாஷ் நாத்துக்கு விழுந்தது. அவர் இறுதி வரை போய் ஸ்வீடனின் கானி யெப்சனிடம் தோற்றார். ஊர் திரும்பினால் பிரிவினைக் கலவரம். லாகூர் வீடே போய்விட்டது. பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார், பெரிய ஆட்டத்தையும் அத்தோடு விட்டுவிட்டார். பிரகாஷ் என்ற பெயரில் ஒருவர் ஆல் இங்கிலாந்து ஜெயிக்க அதற்குப் பிறகு 33 வருஷம் ஆயிற்று.

அதே நாற்பதுகளில் பெண்கள் பக்கம் தேவதர் சகோதரிகள் மூன்று பேர்: சுந்தர், சுமன், தாரா. கிரிக்கெட்டில் தேவதர் கோப்பை என்று ஒன்று உண்டே, அந்தத் தேவதரின் பெண்கள்தான். பெண்பிள்ளை மட்டை பிடிப்பதா என்று ஊரே கேட்ட காலத்தில் ஒரே வீட்டில் மூன்று பேர்.

அப்புறம் நாட்டேகர். இவரை விட்டுவிட்டுச் சுவரே வேண்டாம். பையனாக இருந்தபோது டென்னிஸும் ஆடியவர். ஜூனியர் நேஷனல் டென்னிஸ் இறுதியில் நம் ராமநாதன் கிருஷ்ணனிடம் தோற்றார். தோற்றபின் பேட்மின்டனே போதும் என்று வந்துவிட்டார். ஒரு தமிழர் டென்னிஸில் அடித்த அடியில் பேட்மின்டனுக்கு ஒரு சாம்பியன் கிடைத்தார் என்று நான் பசங்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1956இல் மலேயாவில் சிலாங்கூர் பட்டம் ஜெயித்தார். வெளிநாட்டில் பட்டம் வென்ற முதல் இந்திய ஆட்டக்காரர் அவர்தான். 1961இல் அர்ஜுனா விருது தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே பெயர் இருந்தது. ஒற்றையர் 6, இரட்டையர் 6, கலப்பு இரட்டையர் 5 என்று நேஷனல்ஸில் மட்டும் 17 பட்டம்.

உடுமலைக்_காற்று · சனி, இரவு 10.52

ஐயா எழுதுவதைப் படித்தால் எங்கள் அப்பா ஞாபகம் வருகிறது. ஆனால் ஒரு சந்தேகமுங்க. நம் பக்கம் அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் ஆடியது ஷட்டில் இல்லை, பூப்பந்துதானே? மஞ்சள் கம்பளி நூல் பந்து, மரப் பேட், பக்கத்துக்கு ஐந்து பேர். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் நான் பார்த்ததெல்லாம் அதுதான். பேப்பரில் சிந்துவைப் 'பூப்பந்து வீராங்கனை' என்று போடும்போதெல்லாம் வயிறு எரியும்.

பழைய_பேட் · ஞாயிறு, காலை 6.15

முழுக்கச் சரி. பூப்பந்து வேறு, இறகுப்பந்து வேறு. பூப்பந்து தஞ்சாவூரில் பிறந்தது, 1850களில் அரண்மனைக்காரர்கள் ஆடியது என்பார்கள். இறகுப்பந்துக்கு விதி எழுதியது புனாவில் இருந்த வெள்ளைக்காரர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூப்பந்து கோர்ட் 24 மீட்டருக்கு 12 மீட்டர். ஷட்டில் கோர்ட் 13.4 மீட்டருக்கு 6.1. கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம் இருக்கும். ஷட்டில் காக் ஐந்து கிராம்தான், 16 இறகு.

இங்கேதான் நம் ஊர் விஷயம் வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியில் ஆரம்பிக்கிற காற்று ஆவணி வரை விடுவதில்லை. உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலை சும்மாவா நிற்கிறது? அந்தக் காற்றில் ஐந்து கிராம் இறகை அடித்தால் பக்கத்துத் தோட்டத்தில்தான் பொறுக்க வேண்டும். கனமான கம்பளிப் பந்து தாங்கும். அதனால் வெளியில் பூப்பந்து. ஷட்டிலுக்குக் கட்டடம் வேண்டும், கட்டடம் இருந்தது டவுன் கிளப்காரர்களிடம். நாங்கள் நாலு பேர் எழுபதுகளில் ஒரு கல்யாண மண்டபத்து மேலாளரைக் கைக்குள் போட்டு ஆடி மாதம் முழுக்க ஆடுவோம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும். வெளியில் காற்று அடிக்கும், உள்ளே ஷட்டில் பறக்கும். ஆவணி பிறந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

இதில் ஒரு ஆறுதல். பெங்களூரில் பிரகாஷ் படுகோன் கற்றுக்கொண்டதும் கனரா யூனியனின் ஹாலில்தான், அதுவும் கல்யாணம் நடக்கிற ஹால். முகூர்த்த நாளில் அவருக்கும் ஆட்டம் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் நாங்களும் பிரகாஷும் சமம்.

ஈரோட்டு_மஞ்சள் · ஞாயிறு, காலை 7.02

ஐயா, அந்த மண்டபத்தில் பந்தி நடக்கும் இடம் பின் கோர்ட்டா, முன் கோர்ட்டா?

கரூர்_ட்ராப் · ஞாயிறு, காலை 8.30

பிரகாஷ் 9, மோடி 8 என்று வரிசையாக எழுதிவிட்டுப் போனால் நியாயம் ஆகாது. அந்த ஒன்பது நின்ற இடம் எது? பிரகாஷ் 1980 மார்ச்சில் ஆல் இங்கிலாந்து இறுதியில் இந்தோனேசியாவின் லியம் ஸ்வீ கிங்கை 15-3, 15-10 என்று அடித்தார். அதற்கு முந்தைய வாரங்களில் டென்மார்க், ஸ்வீடன் ஓப்பன்கள் இரண்டையும் ஜெயித்திருந்தார். உலகத்தில் அப்போது அவரை யாரும் நெருங்க முடியாது. அப்படிப்பட்டவர் பத்தாவது நேஷனல்ஸுக்கு நிற்கும்போது இறுதியில் அவரை அடித்துப் பட்டத்தை வாங்கியவர் சையத் மோடி. கோரக்பூர் பக்கத்துச் சர்தார்நகர்ப் பையன். ஒன்பது பட்டம் வாங்கியவரைப் பத்தாவதில் நிறுத்தியவர் என்பதை உங்கள் எண்ணிக்கை எங்கே காட்டும்?

அவர் நிஜப் பெயரே மோடி இல்லை. சையத் மெஹ்தி ஹசன் ஜைதி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மெஹ்தியை மோடி என்று எழுதிவிட்டார்கள், அதுவே நின்றுவிட்டது. நம் ஊர் ஹெட்மாஸ்டர்கள் எல்லோருக்கும் ஜூன் மாதத்தில் பிறந்த தேதி போட்டுவிட்ட மாதிரிதான்.

நொய்யல்_ஸ்மாஷ் · ஞாயிறு, காலை 8.44

சரிங்க, ஒரு இறுதி ஆட்டம் ஜெயித்தார். அதற்குப் பிறகு பிரகாஷ் டென்மார்க்கில் போய்த் தங்கி ஆடினார். மீதி ஏழு பட்டமும் பிரகாஷ் இங்கே இல்லாத வீட்டில் மோடி நடத்திய ராஜ்ஜியம். இதையும் சொல்லுங்கள்.

கரூர்_ட்ராப் · ஞாயிறு, காலை 9.05

அப்படிப் பார்த்தால் பிரகாஷ் 1971இல் பதினாறு வயதில் ஜூனியர், சீனியர் இரண்டு பட்டமும் ஒரே வருஷத்தில் வாங்கியபோது எதிரில் யார் இருந்தார்கள்? 1965 ஆசியச் சாம்பியன் தினேஷ் கன்னா, சுரேஷ் கோயல் தலைமுறை ஓயத் தொடங்கிய நேரம். ஒவ்வொருவர் பட்டத்திலும் இந்த மாதிரி கழித்துக்கொண்டே போனால் கடைசியில் கோப்பை மட்டும்தான் மிஞ்சும், ஆள் மிஞ்ச மாட்டார்.

மோடி சும்மா உள்ளூர்ப் புலி இல்லை. 1982 பிரிஸ்பேன் காமன்வெல்த்தில் தங்கம். அதே வருஷம் டெல்லி ஆசிய விளையாட்டில் வெண்கலம். 1988 ஜூலை 28ஆம் தேதி லக்னோவில் பயிற்சி முடித்து ஸ்டேடியத்தை விட்டு வெளியே வந்தவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். முப்பது வயதுகூட இல்லை. அவர் பெயரில் லக்னோவில் நடக்கும் போட்டிக்கு இன்றைக்கு உலகம் முழுக்க இருந்து வந்து ஆடுகிறார்கள். பாதிப் பேருக்கு அவர் யாரென்று தெரியாது.

பழைய_பேட் · ஞாயிறு, காலை 9.40

நாட்டேகர் காலமானதும் ஒரு ஜூலை 28தான், 2021இல். அன்றைக்கு இரண்டு பேரையும் நினைத்துக்கொள்வேன்.

நெட்டுக்குப்_பக்கம் · ஞாயிறு, பகல் 12.20

சமையல் முடித்துவிட்டு வந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஆண்கள் சண்டைதான் ஓடுகிறது. நான் தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவள். எங்கள் காலேஜில் பெண்களுக்குக் கோர்ட் கொடுத்தது மத்தியானம் இரண்டு மணிக்கு, தகரக் கொட்டகை கொதிக்கிற நேரத்தில். நாலரைக்குப் பையன்கள் வந்ததும் வலையைக்கூட நாங்கள்தான் இறுக்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதனால் பெண்கள் பட்டியலை யாராவது ஒரு வரியில் முடித்தால் எனக்குக் கோபம் வரும். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மீனா ஷாவை எடுங்கள். 1959 முதல் 1965 வரை ஏழு வருஷம் அவரை நேஷனல்ஸில் யாரும் அசைக்கவில்லை. லக்னோக்காரர். அடுத்து தமயந்தி தாம்பே, மூன்று தடவை சாம்பியன், 1970இல் அர்ஜுனா. அவர் கணவர் விமானப்படையில் இருந்தவர், 1971 போரில் போனவர் திரும்பவில்லை. கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான். அந்தப் பெண் அதற்குப் பிறகு பல வருஷம் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கியது கணவரைத் தேடி. ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்ணும்போது இந்த மூன்றுக்கு என்ன மதிப்புப் போடுவீர்கள்?

மதுமிதா பிஷ்ட் எட்டு என்று போட்டீர்கள். அது ஒற்றையரில். இரட்டையர் ஒன்பது, கலப்பு இரட்டையர் பன்னிரண்டு. மொத்தம் 29. ஒரே நாளில் மூன்று இறுதி ஆட்டம் ஆடுவது எப்படி இருக்கும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும், யுனிவர்சிட்டி மீட்டில் ஒரு தடவை இரண்டு ஆடினேன். மறுநாள் படி இறங்க முடியவில்லை. அவர் குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வந்து ஆடியவர். 1992இல் உலகத் தரவரிசையில் இரண்டாவது இடத்தில் இருந்த இந்தோனேசியாவின் குசுமாவை அடித்தார்.

அபர்ணா போபட் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். பம்பாய்ப் பெண். பிரகாஷும், இரண்டு தடவை நேஷனல் சாம்பியனான விமல் குமாரும் 1994இல் பெங்களூரில் அகாடமி ஆரம்பித்தபோது அங்கே போய்ச் சேர்ந்தார். 1996 உலக ஜூனியர் வெள்ளி. 1997இல் இருந்து வரிசையாக ஒன்பது நேஷனல்ஸ். குரு போட்ட கணக்கை அப்படியே சிஷ்யை வந்து தொட்டார். தாண்டவில்லை, தொட்டார். மணிக்கட்டு வலியோடு 2006இல் நிறுத்திக்கொண்டார்.

நொய்யல்_ஸ்மாஷ் · ஞாயிறு, பகல் 12.41

அக்கா, மன்னிக்கணும். 29 எனக்குத் தெரியாது.

ஆனால் ஒரு கேள்வி. அப்போது பெண்களுக்கு 11 பாயின்ட், ஆண்களுக்கு 15. இப்போது எல்லோருக்கும் 21. அப்படியென்றால் பழைய பட்டத்தையும் புதுப் பட்டத்தையும் ஒன்றாக எண்ணலாமா?

நெட்டுக்குப்_பக்கம் · ஞாயிறு, பகல் 1.15

நல்ல கேள்வி. பழைய முறையில் சர்வீஸ் கையில் இருந்தால்தான் பாயின்ட். எதிராளி தப்புச் செய்தாலும் சர்வீஸ் மட்டும்தான் நம் கைக்கு வரும், பலகையில் எண் மாறாது. 5-5 என்று பத்து நிமிஷம் நிற்கும். பொறுமைக்காரர்கள் ஆட்டம் அது. உடம்பில் தெம்பு வைத்துக்கொண்டு எதிராளியைக் காய விட்டு அடிக்கலாம். 2006இல் ஒவ்வொரு அடிக்கும் பாயின்ட் என்ற 21 முறை வந்த பிறகு நாலு தப்பு வரிசையாகச் செய்தால் கேம் கையை விட்டுப் போய்விடும். அபர்ணா பழைய கணக்கின் கடைசி ராணி. சாய்னா 2007இல் ஜெயித்தது புதுக் கணக்கில். ஒரே சுவரில் இரண்டு பேரையும் போடலாம், தப்பில்லை. யார் பெரியவர் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பவானி_பேக்ஹேண்ட் · ஞாயிறு, இரவு 8.50

கொஞ்சம் கசப்பாகக் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். இன்றைக்கு நேஷனல்ஸுக்கு என்ன மதிப்பு? பெரிய ஆட்கள் பாதி வருஷம் வருவதே இல்லை. என் பெண் பதினான்கு வயது, மாவட்ட அணிக்கு ஆடுகிறாள். ஷட்டில் டப்பா, ஸ்டிரிங், ஷூ என்று மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு போகிறது. பயிற்சி கொடுக்கும் இடத்தில் கேட்டால் 'உங்கள் பெண்ணுக்கு நேஷனல் லெவல் வரும், ஆனால் அதில் ஒன்றும் இல்லை, இன்டர்நேஷனல் ரேங்கிங்தான் முக்கியம், அதற்குத் தனிப் பேக்கேஜ்' என்று ஒரு தொகை சொன்னார்கள். அதைக் கேட்டதில் இருந்து எனக்கு ஆறவில்லை. நேஷனல்ஸில் ஒன்றும் இல்லையென்றால் சுவரில் எதற்குப் படம்?

நொய்யல்_ஸ்மாஷ் · ஞாயிறு, இரவு 9.20

அண்ணா, ஒன்றும் இல்லை என்பது சுத்தப் பொய். 2017 நாக்பூர் ஞாபகம் இருக்கிறதா? பெண்கள் இறுதியில் சாய்னாவும் சிந்துவும். சாய்னா 21-17, 27-25. அந்த இரண்டாவது கேமை நான் போனில் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் பெருமாநல்லூர் ஸ்டாப்பை விட்டுவிட்டு அடுத்த ஊரில் இறங்கினேன். ஆண்களில் பிரணாய் ஸ்ரீகாந்தை 21-15, 16-21, 21-7 என்று அடித்தார். அந்த வருஷம் சூப்பர் சீரிஸ் என்ற பெரிய சர்வதேசப் போட்டிகளில் நாலு ஜெயித்திருந்த ஸ்ரீகாந்தை! அந்த அளவு ஆட்டம் எத்தனை நாட்டு நேஷனல்ஸில் நடக்கும்?

கரூர்_ட்ராப் · ஞாயிறு, இரவு 9.36

நாக்பூர் ஒரு நல்ல வருஷம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2019 குவாஹாட்டியில் கோர்ட் சரியில்லை என்று சாய்னா ஆடவே மறுத்தாரே. பலகை ஏறி இறங்கி இருந்ததாம். ஆட்டத்தை வேறு கோர்ட்டுக்கு மாற்றிய பிறகுதான் ஆடினார். கடைசியில் அதே போட்டியின் இறுதியில் சிந்துவை மறுபடியும் அடித்தார், 21-18, 21-15. அது வேறு விஷயம். அப்புறம் கொரோனா. அடுத்த நேஷனல்ஸ் 2023 பிப்ரவரியில் புனேயில்தான் நடந்தது. இடையில் மூன்று வருஷம் இந்தியாவுக்குப் புதுச் சாம்பியனே கிடையாது.

நெட்டுக்குப்_பக்கம் · ஞாயிறு, இரவு 10.05

பவானி அண்ணா, உங்கள் கேள்விக்கு என் பதில் வேறு.

பெரிய ஆள் வராத வருஷத்தில் நேஷனல்ஸ் செத்துப்போகவில்லை. அப்போதுதான் அது தன் வேலையைச் செய்கிறது. 2023 டிசம்பரில் குவாஹாட்டியில் அன்மோல் கர்ப் என்ற ஹரியானாப் பெண் ஜெயித்தாள். பதினாறு வயது. இறுதியில் எதிரே நின்ற தன்வி சர்மாவும் சின்னப் பெண்தான். சிந்துவும் சாய்னாவும் இல்லாத போட்டி, இதில் என்ன இருக்கிறது என்று நானே நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து ஆசிய அணிகள் போட்டியின் இறுதியில் தாய்லாந்தோடு 2-2 என்று நிற்கும்போது கடைசி ஆட்டத்துக்குக் கோர்ட்டில் இறக்கிவிடப்பட்டவள் அந்தப் பெண்தான். அவள் ஜெயித்துத்தான் இந்தியப் பெண்களுக்கு முதல் ஆசிய அணித் தங்கம் வந்தது. நேஷனல்ஸ் ஜெயிக்காமல் இருந்தால் அணியில் அவளுக்கு இடமே கிடைத்திருக்காது.

இன்னொன்று, இது காசு விஷயம். நேஷனல்ஸில் ஒரு இடம் பிடித்தால் ரயில்வேயிலோ பெட்ரோலியக் கம்பெனியிலோ வேலை கிடைக்க வழி உண்டு. மோடி ரயில்வே. மதுமிதா ரயில்வே. சம்பளம் வந்ததால்தான் முப்பது வயதுக்கு மேலும் ஆட முடிந்தது. உங்கள் பெண்ணுக்கு அந்தப் பேக்கேஜ் வேண்டாம். மாநிலப் போட்டிகளை ஒழுங்காக ஆடட்டும். ஷட்டில் செலவுக்குப் பயிற்சியில் நைலான் ஷட்டிலைக் கலந்துகொள்ளலாம். இறகு ஷட்டில் கடைசி அரை மணி நேரம் போதும்.

பவானி_பேக்ஹேண்ட் · ஞாயிறு, இரவு 10.31

ரொம்ப நன்றிங்க அக்கா. அன்மோல் ஆட்டத்தைத் தேடி என் பெண்ணுக்குக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்துவிட்டாள், இன்னும் தூங்கவில்லை.

உடுமலைக்_காற்று · திங்கள், காலை 7.40

தமிழ்நாட்டு ஆள் ஒருவரையும் காணோமே. 2022இல் உலக ஜூனியர் வெள்ளி வாங்கிய சங்கர் முத்துசாமி இல்லையா? 2023 ஒடிசா மாஸ்டர்ஸ் ஜெயித்த சதீஷ்குமார் கருணாகரன் இல்லையா? 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் பேட்மின்டனில் மட்டும் நம் பெண்கள் மூன்று பேர் பதக்கம் வாங்கினார்கள்: துளசிமதி வெள்ளி, மனீஷா வெண்கலம், நித்யஸ்ரீ வெண்கலம். நித்யஸ்ரீ ஓசூர்ப் பெண், நம் கொங்குப் பெண்.

ஈரோட்டு_மஞ்சள் · திங்கள், காலை 7.46

ஓசூர் எப்போதுங்க கொங்கு ஆயிற்று? அவர்களைக் கேட்டால் பெங்களூர் என்பார்கள்.

உடுமலைக்_காற்று · திங்கள், காலை 7.51

பதக்கம் வாங்கினால் கொங்குதான்.

தறிக்குடோன் · செவ்வாய், இரவு 9.55

எல்லாவற்றையும் படித்துவிட்டேன். வீட்டம்மாவிடமும் படித்துக் காட்டினேன். பெயின்டரைப் போனில் பிடித்து ஒரு படச் சட்டத்துக்குள் இரண்டு பேரை வரைய முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் ஒரு தலைக்கு ஒரு ரேட், சட்டத்துக்கு இல்லை என்றார். பேரம் பேசி முடித்துவிட்டேன்.

இப்போது முடிவு இதுதான். முதல் சட்டம் நாட்டேகர் தனியாக. கோபிசெட்டிபாளையத்து ஐயா சொன்ன அஸ்திவாரம். இரண்டாவது சட்டத்தில் வலைக்கு இந்தப் பக்கம் பிரகாஷ், அந்தப் பக்கம் மோடி. மூன்றாவது மீனா ஷா. நாலாவது மதுமிதாவும் அபர்ணாவும். மதுமிதா கீழே 29 என்று மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறேன், கேட்கிறவர்களுக்கு நான் விளக்கம் சொல்லிக்கொள்கிறேன். ஐந்தாவது கோபிசந்த். அவர் 2001இல் சீனாவின் சென் ஹாங்கை 15-12, 15-6 என்று அடித்து ஆல் இங்கிலாந்து எடுத்ததைப் பார்த்துத்தான் நான் முதல் பேட் வாங்கினேன், அதனால் இது என் சொந்த ஆசை, யாரும் கேள்வி கேட்கக் கூடாது. ஆறாவது நாக்பூர் இறுதி: சாய்னா, சிந்து.

நித்யஸ்ரீ, துளசிமதி, மனீஷா மூன்று பேரையும் நுழைவாசல் பக்கத்து உள்சுவரில் தனியாகப் போடுகிறேன். அங்கே நேஷனல்ஸ் விதி செல்லாது.

நொய்யல்_ஸ்மாஷ் · செவ்வாய், இரவு 10.02

அமி கியா? ஏழு பட்டம் அண்ணா!

தறிக்குடோன் · செவ்வாய், இரவு 10.10

கிழக்குச் சுவர் அடுத்த வருஷம் தம்பி. அங்கே இப்போது ஏணியும் பழைய தறிச் சாமானும் கிடக்கிறது.

பழைய_பேட் · புதன், காலை 6.05

வரைகிறவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். நாட்டேகர் கையில் மரப் பேட்தான் இருக்க வேண்டும். இப்போதைய கார்பன் பேட்டை வரைந்துவிடப் போகிறார்.

தறிக்குடோன் · புதன், காலை 8.30

சொல்லிவிட்டேன் ஐயா. எங்கள் வீட்டுப் பரணில் ஒரு மரப் பேட் கிடந்தது, நரம்பெல்லாம் போய்விட்டது. மாதிரிக்கு அதைத்தான் கொடுக்கப் போகிறேன்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் இரண்டாம் கோர்ட் கிடையாது. பெயின்ட் வாசம் போக வேண்டும். ஆறு மணி டபுள்ஸ் ஆட்கள் எல்லோரும் முதல் கோர்ட்டுக்கு வாருங்கள், பதினைந்து பாயின்டில் முடித்து மாற்றிக்கொள்ளலாம்.